லயத்துக் கொல்லை

தோட்டம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டு அர்த்தம். ஒன்று, மலை முழுக்கப் பரந்து கிடக்கும் தேயிலை. அது துரையுடையது. இன்னொன்று, இலங்கை மலையகத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் நாலு எட்டு நீளத்துக்குக் கிடந்த சரிவு. அது யாருடையது என்று அப்பாயிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. “கொத்துனது நாமதான். நம்மளுதுன்னு மட்டும் சொல்லிறக் கூடாது” என்று சொல்லும்.

குளிரும் மழையுமான மலைகளில் காய்கறி விளைந்த வரலாற்றைத் துரைமாரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1819இல் நீலகிரிக்கு ஏறிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஐரோப்பியக் காய்களை அங்கே பயிரிட வைத்தார். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி இங்கிலாந்து மாதிரியே ஒரு பண்ணை போட்டார். 1861இல் ஹக்கலையில் தாவரத் தோட்டம் வந்தது. எல்லாம் உண்மைதான். விதை கொண்டுவந்தவர் பெயர் இருக்கிறது. கொத்தினவர் பெயர் எங்கே?

கொத்தினவர்களில் பெரும்பகுதி யார் என்பதில் சந்தேகமில்லை. பள்ளர், பறையர், சக்கிலியர். கீழே ஊரில் இவர்களுக்கு வயல் மட்டுமா இல்லை? கொல்லையும் இல்லை. சேரியில் குடிசை நின்ற மண்ணே மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் இதைத்தான் சொன்னார். அதற்குப் பிறகே 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அதற்குள் 1876–78 பஞ்சம் எத்தனையோ பேரைக் கடல் தாண்டி விரட்டிவிட்டிருந்தது. கூட்டிப்போன பெரியாங்கங்காணிகள் பெரும்பாலும் மேல்சாதி, இடைச்சாதிக்காரர்கள். மலை ஏறினாலும் சாதி கூடவே ஏறியது.

மேலே கிடைத்தது லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிரா, ஒரு குடும்பத்துக்கு ஒன்று. ஆனால் அதன் பின்னால் ஒரு துண்டு மண் கிடந்தது. சேரியிலிருந்து வந்த சனம் வாழ்க்கையில் முதல்முதலாகக் கண்ட கொல்லை அது.

அந்த மண் லேசானதல்ல. தேயிலைக்கு ஒத்துவரும் புளித்த மண். முட்டைக்கோஸ் அதில் சீக்கிரம் சோர்ந்துவிடும். அப்பாயி அடுப்புச் சாம்பலைச் சேர்த்து வைத்துத் தூவும். உருளைக்கிழங்குக்கு மட்டும் சாம்பலைக் குறைத்துவிடும். கூடினால் கிழங்கின் தோல் சொரி பிடிக்கும். மேட்டுப்பாத்திதான் போட வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகும். பாத்தியும் வாய்க்காலும் சரிவுக்குக் குறுக்கே ஓட வேண்டும். நேராக வெட்டினால் ஒரே மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். தென்மேற்கு மழை அடித்து ஊற்றும் மாதங்களில் நாற்றுக்கு மேலே தழைக்கூரை. தை மாதம் உறைபனி விழும் என்று தெரிந்தால் சாயங்காலமே சாக்கு போட்டு மூடல். லீக்ஸ், போஞ்சி, நோக்கோல், ஓரத்தில் சௌசௌ பந்தல். நீலகிரியில் அதை மேரக்காய் என்பார்கள். குளிரும் ஈரமும் இருந்தால் போதும், வேண்டாம் என்றாலும் காய்க்கும் கொடி. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டிய பொம்பளைகள் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த பிறகு செய்த வேளாண்மை இது. எந்தத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் இவர்கள் பெயர் இல்லை.

அந்தத் துண்டு மண் பொழுதுபோக்கு அல்ல. 1973–74இல் அரிசி, மா பங்கீடு சுருங்கித் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது லயத்துச் சனத்துக்கு வேறு என்ன இருந்தது? “காய் தீந்துச்சு. கொழுந்தக் கிள்ளிக் கடைஞ்சோம். பெறகு கொடியோட கெழங்கயே தோண்டி அவிச்சோம்” என்று அப்பாயி சொல்லும். சௌசௌக் கொடியின் வேர்க்கிழங்கும் தின்னக்கூடியதுதான் என்பதை அப்பாயி பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பசியில் படித்தது.

1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களை எண்ணிப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. ஒப்பந்தத்தில் தலைக்கணக்கு இருந்தது. பாத்திக்கணக்கு இல்லை. கப்பலேறும் முன்பு அப்பாயி பிடுங்காமல் விட்டு வந்தது ஒரு பாத்தி லீக்ஸ். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. நாங்கள் போனது வேறொரு தோட்டம். அங்கேயும் லயம், அங்கேயும் பின்னால் ஒரு துண்டு மண், அங்கேயும் அதே சட்டம். மேரக்காய்ப் பந்தலின் நிழல் தேயிலையில் விழுகிறது என்று ஒருநாள் கணக்கப்பிள்ளை கொடியை அடியோடு அறுத்துப் போட்டார். அப்பாயி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். மிராசுதாரர் காலத்துச் சேரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே குளிர் அதிகம், அவ்வளவுதான்.

2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதன் பிறகு இலங்கையில் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு வலுத்தது. ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடு கட்டியது போக நாலு பாத்தி போடலாம். இருநூறு வருச உழைப்புக்கு நாலு பாத்தி! அதற்கும் உறுதிப் பத்திரம் கையில் வந்தால்தான் அது காணி. இல்லையென்றால் அதுவும் லயத்துக் கொல்லைதான்.

நிலம் என்றவுடன் நாம் வயலைப் பற்றியே பேசுகிறோம். பஞ்சமி நில மீட்புக்குப் போராடும் தோழர்கள் இந்தக் கொல்லையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நட்டதை யாரும் அறுத்துப் போட முடியாத நாலடி மண், ஒரு மனுசிக்கு வெறும் காய்கறி இல்லை. அப்பாயிக்கு அது கிடைக்கவில்லை.