தலைமையின் அளவுகோல்: அறிஞர் அஸீஸும் கல்முனையும்

ஒரு தலைவரை எதைக்கொண்டு அளப்பது? வகித்த பதவிகளையும் கட்டிய கட்டடங்களையும் எண்ணுவதே வழக்கம். மருத்துவத் தொழிலில் நாம் வேறொரு கணக்கைப் பழகியிருக்கிறோம். வார்டில் இருக்கும்வரை நீரிழிவு நோயாளர் சொன்னபடி நடப்பர். வீடு சென்று ஆறு மாதத்தின் பின் என்ன செய்கிறார் என்பதில்தான் வைத்தியத்தின் பலன் தெரியும். தலைமைக்கும் இக்கணக்குப் பொருந்தும் என்பதற்கு எமது ஊர் வரலாற்றிலேயே சான்றுண்டு.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மா ஜப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நெல் விளைச்சலைப் பெருக்கவேண்டிய அந்நெருக்கடியில் அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம்.

அந்த அவசரகாலப் பணி முடிந்தது. முடியாதது வேறொன்று. இப்பகுதியின் கல்விக் குறையைக் கண்ட அவர், 1942இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அமையக் காரணமானார். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அவருக்கு இங்கு வாய்த்தது. இங்கு தொடங்கிய முயற்சி 1945இல் கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. 1948இல் சிவில் சேவையைத் துறந்து, 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபராக இருந்தார்.

எல்லாம் ஒருவரால் ஆனதல்ல. கன்னங்கராவின் இலவசக் கல்வியும் 1945இல்தான் வந்தது. ஆயினும் திறந்த கதவினுள் பிள்ளையை அனுப்பும் மனமும், அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கைகொடுக்கும் மனமும் சட்டத்தால் வருவனவல்ல. 1973இல் அஸீஸ் மறைந்த பின்னரும் அந்நிதி தொடர்ந்தது. உத்தரவுக்குப் பணிந்தோர் தொகை அதிகாரியின் பலத்தைக் காட்டும். உத்தரவின்றியும் தொடர்ந்தோர் தொகை தலைவரின் பலத்தைக் காட்டும்.

எமது பாடசாலையின் நூற்றாண்டில் முன்னாள் அதிபர்களையும் ஆசிரியைகளையும் நன்றியோடு நினைக்கிறோம். அவர்களது பணிக்கான சான்று எம்மிடமே உள்ளது. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தவிருக்கும் ஒரு பிள்ளையின் உயர்தரச் செலவை, எவரும் கேட்காமலே ஏற்க எம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? அந்த எண்ணிக்கையே எம்மை வளர்த்தோருக்கு நாம் இடும் புள்ளி.