டிரம்மர் இல்லாத மெட்டல்: ஒரு குட்டி வரலாறு

"பாட ஆளே இல்லாத மெட்டலை எப்படிய்யா மணிக்கணக்கா கேக்குற?" என் அறைத்தோழன் ஒருத்தன் அடிக்கடி கேக்கற கேள்வி இது. பாடகர் இல்லாதது நமக்கெல்லாம் ஒரு மேட்டரே இல்லை மக்களே. நாகஸ்வரமும் வீணையும் கேட்டு வளர்ந்த ஊர் நம்முது. இந்த இசையோட வரலாறு பூரா ஓடினது வேற ஒரு தலைவலியைச் சுத்தித்தான். அது டிரம்மர்.

கொஞ்சம் விளக்கிடறேன். ப்ரோக்ரஸிவ் மெட்டல்னா கனமான கிடார், கூடவே தாளக் கணக்கு. நம்ம கண்ட சாபு, மிஸ்ர சாபு மாதிரி 5, 7-ன்னு எண்ணிக்கை மாறிக்கிட்டே இருக்கும். டிரம்ஸ் சொதப்பினா மொத்தமும் காலி. கிடாரை ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுத் தனியா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிடலாம். டிரம்ஸை? பிளாக்டவுன்ல நான் இருக்கற மாதிரி வாடகை ரூம்ல ஒரு தட்டு தட்டினா மறுநாள் பெட்டி வாசல்ல இருக்கும் :-) ஸ்டூடியோ வேணும், காசு வேணும், முக்கியமா அந்தக் கணக்கை அடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்.

ஜோ சாட்ரியானி 1984-ல இதுக்கு ஒரு கிறுக்கு வழி கண்டுபிடிச்சார். தன்னோட முதல் குட்டி ஆல்பத்துல எல்லாச் சத்தத்தையும் எலக்ட்ரிக் கிடார்லயே எடுத்தார். தாள வாத்தியச் சத்தம் உட்பட! 1987-ல வந்த 'சர்ஃபிங் வித் தி ஏலியன்'ல டிரம் மெஷினும் வந்தாச்சு. ஒத்தை ஆள் பேர்ல வந்த அந்தப் பாட்டில்லாத ராக் ஆல்பம் அமெரிக்காவுல நல்லா வித்துச்சு. அதே காலத்துல, 1986-ல, நம்ம ராஜா 'ஹவ் டு நேம் இட்' போட்டார். இசையமைச்சது ஒருத்தர், ஆனா வாசிக்க வி.எஸ்.நரசிம்மன் வயலின்ல ஆரம்பிச்சு ஒரு கூட்டமே இருந்துச்சு. ராஜா கூப்பிட்டா ஆள் வரும். பேர் தெரியாத இருபது வயசுப் பையன் கூப்பிட்டா யார் வருவா?

கதவைத் திறந்து விட்டது ஸ்வீடன். மெஷுகா குழுவோட டிரம்மர் தாமஸ் ஹாகே. நாலு எண்ணிக்கைத் தாளம் மேல ஓட, கிடார் கீழே வேற கணக்குல சுத்திட்டு, கோர்வை முடியற மாதிரி 'டக்'னு வந்து சேரும். அதுதான் இவங்க பாணி. டூன்ட்ராக் நிறுவனத்தோட 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' மென்பொருளுக்காக ஹாகேயோட அடிகளைப் பதிவு பண்ணினாங்க. வேடிக்கை என்னன்னா, 2005-ல மெஷுகாவே 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்துக்கு டிரம்ஸை கம்ப்யூட்டர்லதான் கோர்த்தாங்க. அப்பேர்ப்பட்ட டிரம்மரையே மெஷின்ல கோக்கலாம்னா, ரூம்ல உக்காந்திருக்கற பையனுக்கு என்ன தடை?

அப்புறம் கடகடன்னு நடந்துச்சு. 2008-ல ஒஹாயோவிலிருந்து பென் ஷார்ப், 'கிளவுட்கிக்கர்'ங்கற பேர்ல தன்னந்தனியா 'தி டிஸ்கவரி' போட்டார். அதே வருஷம் பேண்ட்கேம்ப் தளமும் வந்தது. நடுவுல கம்பெனி இல்லாம கேக்கறவனுக்கே நேரா விக்கலாம். 2009-ல டோசின் அபாசி 'அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ்' முதல் ஆல்பத்தைக் கொண்டு வந்தார். டிரம்ஸ் ப்ரோக்ராமிங் நண்பர் மிஷா மன்சூர்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சிட்னிக்காரர் ப்ளினி. கட்டடக்கலை படிச்சவர். 2013-ல் தொடங்கி மூணு குட்டி ஆல்பங்களை இணையத்துல தானே வெளியிட்டார். 2016-ல முதல் முழு ஆல்பம், 'ஹேண்ட்மேட் சிட்டீஸ்'. அதுவும் சொந்த வெளியீடுதான். பெரிய ஜாம்பவான் ஸ்டீவ் வாயே அதைக் கேட்டுட்டு வாயாரப் புகழ்ந்தார்.

ஆனா அட்டையில ஒத்தைப் பேர் இருந்தாலும் அதுல டிரம்ஸ் ட்ராய் ரைட், பேஸ் சைமன் க்ரோவ். 2020-ல வந்த 'இம்பல்ஸ் வாய்சஸ்'ல டிரம்ஸ் க்ரிஸ் அலிசன். மத்தவங்களையும் பாருங்க. அபாசியோட 2014 ஆல்பத்துல மேட் கார்ஸ்ட்கா நிஜமாவே அடிச்சார். மேடைப் பக்கமே போகாத கிளவுட்கிக்கர் 2014-ல 'இன்ட்ரோநாட்' குழுவைக் கூட வெச்சுக்கிட்டு டூர் போனார். மெஷின் வேண்டாம்னு யாரும் அவங்களைக் கட்டாயப்படுத்தலை. கையில இருக்கறப்பவே ஆள் தேடிப் போனாங்க.

ஏன்னு எனக்குப் பட்டதைச் சொல்றேன். மெஷின் நாம எழுதினதை அடிக்கும். எழுதினது மொக்கைன்னு சொல்லாது. மிருதங்க வித்வான் ஒரு இடத்துல வாசிக்காம விடுவார் பாருங்க, அந்த மௌனத்தை நாம ப்ரோக்ராம் பண்ண மாட்டோம். நமக்கு அது தோணாது. அதனால மெஷினைத் திட்டவும் எனக்கு மனசு வரலை. அது இல்லைன்னா இவங்க யாரும் முதல் ஆல்பமே போட்டிருக்க முடியாது, அந்த டிரம்மர்களும் இவங்களைத் தேடி வந்திருக்க மாட்டாங்க. எடிட்டர் இல்லாம நாமளே எழுதி நாமளே 'பப்ளிஷ்' அமுக்கற நமக்கு இது புரியாதா என்ன?

புதுசா கேக்கறவங்க 'ஹேண்ட்மேட் சிட்டீஸ்'ல ஆரம்பிங்க. மொத்தமே ஏழு டிராக். பிளாக்டவுன்ல ரயில் ஏறினா சென்ட்ரல் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். முதல் தடவை கிடாரை விட்டுட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்க. எங்கெல்லாம் அடிக்காம விட்டிருக்காருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.