எரியூட்டலும் ஒழுங்குபடுத்தலும்: டீசல் எஞ்சினுக்குள் வாயு புகுந்த வரலாறு

1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், ருடால்ஃப் டீசலுக்கு 6,73,160 என்னும் எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் தலைப்பைத் தமிழில் ‘உள்ளெரி எஞ்சின்களில் எரியூட்டுதற்கும் எரிதலை ஒழுங்குபடுத்துதற்குமான முறை’ எனலாம். அத்தலைப்பில் இரண்டு வினைகள் உள்ளன. டீசல் எஞ்சினுக்கு எல்.பி.ஜி. வாயுவையும் சேர்த்துக் கொடுத்தால் வலு கூடும், செலவு குறையும் என்று லாரி உரிமையாளர்களிடையே உலாவும் பேச்சின் ஊற்றுக்கண் இந்தக் காப்புரிமைதான். நூறாண்டுகளுக்கும் மேலாக இந்த யோசனை மறைவதும் மீள்வதுமாக இருந்து வந்திருக்கிறது. மீளும்போதெல்லாம் முதல் வினையை நினைவில் வைத்தவர்களே மிகுதி. இரண்டாம் வினையை மதித்தவர்கள் சிலரே.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளிழுத்து, அதன் பருமன் பதினாறில் ஒரு பங்காகும் அளவுக்கோ அதற்கும் மேலாகவோ நெருக்கும்போது அது கடுமையாகச் சூடேறுகிறது. அவ்வேளையில் பீச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்த எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை வேலையாக மாற்றிக் காட்டியது. நீராவி எஞ்சின்களோடு பழகியிருந்த உலகுக்கு அது பெரும் வியப்பு.

ஆனால் எல்லா எரிபொருளும் இவ்வாறு தானே பற்றுவதில்லை. டீசல் எண்ணெய் 200 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டியதும் தானாகப் பற்றும், எல்.பி.ஜி.யின் முதன்மைக் கூறான புரொப்பேனுக்கோ 450 பாகைக்கு மேல் வேண்டும். டீசல் கண்ட வழி எளிமையானது. பற்றுவதற்கு அடம்பிடிக்கும் எரிபொருளை முன்னரே காற்றோடு கலந்து, அது தானே பற்றாத அளவுக்கு நெருக்க வேண்டும். பிறகு எளிதில் பற்றும் இன்னொன்றைச் சிறிதளவு பீச்சித் தீ மூட்ட வேண்டும். பெருங்கட்டை எரிய அடுப்பில் சுள்ளி வைப்பது போன்றது இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நம்மூர்ச் சாலைகளில் ஓடிய ‘கரி பஸ்’களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி இருந்ததால் கரிவாயுவை மட்டும் கொண்டே அவற்றை ஓட்ட முடிந்தது. டீசல் எஞ்சினுக்கோ சுள்ளி கட்டாயம் வேண்டும்.

1913 செப்டம்பர் 29 இரவு, ஆங்கிலக் கால்வாய் கடந்த கப்பலிலிருந்து டீசல் காணாமற்போனார். அவருடைய யோசனை பின்னர் வானத்தில் ஒருமுறை தலைகாட்டியது. ஆகாயக் கப்பல் பறக்கப் பறக்க எரிபொருள் தீர்ந்து எடை குறையும். அது மேலே எழும்பிவிடாதிருக்க, தூக்கிப் பிடிக்கும் ஹைட்ரஜனை வெளியே விட்டாக வேண்டும். வீணாகும் அந்த வாயுவை டீசல் எஞ்சினுக்கே ஊட்டினால் என்ன என்பதே பிரிட்டனில் ஹெல்மோரும் ஸ்டோக்ஸும் 1930-இல் வெளியிட்ட ஆய்வின் பொருள். அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் டீசல் எஞ்சின்கள் பூட்டிய ஆர்-101 பிரான்சில் விழுந்து 48 பேர் மாண்டனர். விபத்துக்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை. ஆயினும் பிரிட்டனின் ஆகாயக் கப்பல் கனவோடு அந்த ஆய்வுக்கான தேவையும் மறைந்தது.

1939-இல் பிரிட்டனின் நேஷனல் எஞ்சின் நிறுவனம் நகர எரிவாயுவையும் எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போரால் எண்ணெய் அரிதானபோது இத்தகைய எஞ்சின்களின் மதிப்பு உயர்ந்தது. அமைதி திரும்பி எண்ணெய் மலிந்ததும் அக்கறை தணிந்தது. சூயஸ் நெருக்கடிக்கு அடுத்த ஆண்டான 1957-இல், டீசல் வண்டிகளை விறகு வாயுவும் சிறிது டீசலும் கொண்டு ஓட்டும் ஆராய்ச்சியை ஸ்வீடன் தொடங்கியது. தட்டுப்பாடு வரும்போது நினைவு வருகிறது. தட்டுப்பாடு நீங்கினால் மறதி வருகிறது.

இதே காலத்தில் கேள்வி வேறு திசையிலும் திரும்பியது. எண்ணெய்க்கு மாற்றாக அன்றி, கூடுதல் வலுவுக்காகவே உள்ளிழுக்கும் காற்றில் சிறிது எரிபொருளைக் கலந்தால் என்ன? 1958-இல் அமெரிக்காவில் அல்பர்ஸ்டீன், ஸ்விம், ஷ்வைட்சர் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இதைப் பற்றியது. இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், பூச்சிகளை ஒழிக்கப் புகை போடுவதைக் குறிக்கும் சொல்லே. புகை போட்டால் புகை குறைகிறது என்பதே அவர்கள் கண்ட முரண். இதற்குக் காரணம் உண்டு. பீச்சப்படும் எண்ணெய்த் துளிகள் எல்லாம் காற்றைச் சந்திப்பதில்லை. ஓரிடத்தில் எண்ணெய் மிஞ்சிக் கரும்புகையாகிறது, வேறோரிடத்தில் காற்று சும்மா கிடக்கிறது. முன்னரே கலந்த எரிபொருள் அந்தச் சும்மா கிடக்கும் காற்றைத் தேடிச் சென்று பயன்படுத்துகிறது. எல்.பி.ஜி. சேர்த்தால் வலு கூடுகிறது என்பது, ஆகவே, வெறும் கட்டுக்கதையன்று.

சிக்கனத்தின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் திரவ எல்.பி.ஜி.யில் சுமார் 25 மட்டுமே. நூறு கிலோமீட்டருக்கு 25 லிட்டர் டீசல் குடித்த வண்டி, வாயு சேர்த்தபின் 20 லிட்டரில் ஓடுவதாகக் கொள்வோம். டீசல் கணக்கை மட்டும் பார்ப்பவர் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்று மகிழ்வார். மிச்சமான ஐந்து லிட்டர் டீசலின் ஆற்றல் ஏறத்தாழ ஏழு லிட்டர் எல்.பி.ஜி.க்குச் சமம். ஏழு லிட்டர் வாயு செலவாகியிருந்தால் ஆற்றலில் மிச்சம் ஏதுமில்லை. விலை வேறுபாடே மிச்சம்.

எல்லைகளும் உள்ளன. வண்டி இலகுவாக ஓடும்போது காற்றில் கலந்த வாயு மிக மெலிந்திருக்கும்; தீ அதனூடே பரவாது; எரியாத வாயு புகைக்குழாய் வழியே வீணாகும். பாரம் மிகும்போது அதே கலவை நேரத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். ஊட்டும் அளவைப் பாரத்துக்கேற்ப மாற்றாமல், ஒரே திருகில் திறந்துவிட்ட அமைப்புகளுக்கு இவ்விரண்டும் நேர்ந்தே தீரும்.

இதன் கொடிய முகத்தை 2005 மார்ச் 23 அன்று உலகம் கண்டது. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் எரிபொருள் பொங்கி வழிந்து ஆவி மேகமாகப் பரவியது. அருகே இயங்கிக்கொண்டு நின்றிருந்த டீசல் வண்டியொன்று அந்த ஆவியைக் காற்றோடு உள்ளிழுத்துக் கட்டுக்கடங்காமல் உறுமியது. மேகத்தைப் பற்றவைத்தது அந்த எஞ்சினாகவே இருக்கலாம் என்றனர் விசாரித்தவர்கள். பதினைந்து பேர் இறந்தனர். பொதுவாக டீசல் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றுக்குத் தடுப்பில்லை. எண்ணெயைக் கூட்டிக் குறைத்தே அதை ஆள்கிறோம். காற்றே எரிபொருளாகிவிட்டால், எண்ணெயை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. எரியூட்டல் நிகழ்ந்தது, ஒழுங்குபடுத்தல் மனிதர் கையில் இல்லை.

டீசலின் முதல் எஞ்சினைச் செய்த ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வழிவந்தது எம்.ஏ.என். நிறுவனம். அந்நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு, 2020-இல் ‘பி.டபிள்யூ. ஜெமினி’ என்னும் எல்.பி.ஜி. சரக்குக் கப்பலின் எஞ்சின், தான் சுமக்கும் சரக்கையே எரிக்குமாறு மாற்றியமைக்கப்பட்டது. அங்கே வாயு காற்றோடு முன்னரே கலக்கப்படுவதில்லை. நெருக்கம் முடியும் தறுவாயில் திரவமாகவே பீச்சப்படுகிறது. அதற்குச் சுள்ளியாகச் சிறிது எண்ணெய். எப்போது, எவ்வளவு என்பதைக் கணிப்பொறி தீர்மானிக்கிறது. 1901-ஆம் ஆண்டுத் தலைப்பின் இரண்டு வினைகளும் ஒரே எஞ்சினில் சேர்ந்து நிற்பதை அங்கே காண்கிறோம். சாலையோரப் பட்டறையில் யாரேனும் வாயுக் குழாயைக் காற்று வழியில் செருகி, வலு கூடிவிட்டது என்று மகிழ்ந்து சொல்வாராயின், அவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அளவை யார் பார்க்கிறார்கள்?