யுகுலேலியின் ஓரத்தில் ஒரு மரக்கயிறு

யுகுலேலி என்றதும் எல்லோருக்கும் ஹவாய்த் தீவுதான் ஞாபகம் வரும். ஆனால் இந்த நான்கு தந்தி வாத்தியத்தின் பூர்வீகம் போர்ச்சுக்கலின் மதெய்ரா தீவு என்பது தெரியுமா?

1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் அங்கிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹொனலுலு வந்தது. அதில் மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸ் டோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்ற மூன்று தச்சர்களும் இருந்தார்கள். பின்னாளில் இவர்கள் பட்டறை போட்டு, தங்கள் ஊரின் 'மஷேட்' என்ற குட்டி கிட்டாரை ஹவாயின் கோவா மரத்தில் செய்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் யுகுலேலி. மன்னர் கலாகாவாவின் ஆதரவும் கிடைக்க, வாத்தியம் தீவு முழுக்கப் பரவியது.

பழைய யுகுலேலிகளின் விளிம்பில் முறுக்கிய கயிறு போல ஓர் அலங்காரம் ஓடும். அது கயிறு அல்ல. வெளிர் மரமும் கருமரமும் மாற்றி மாற்றி ஒட்டி, சாய்வாக அறுத்தெடுத்த மெல்லிய பட்டை. அழகுக்கு மட்டுமல்ல, பலகைகள் சேரும் ஓரம் அடிபட்டுச் சில்லு பெயராமலும் அது காக்கிறது. ஜோனா குமலே என்ற ஹவாய்க்காரர் இந்தக் கயிற்றுப் பட்டைக்குப் பேர் போனவர். 1915 சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியின் தங்கப் பரிசைச் சொல்லும் முத்திரையைத் தன் வாத்தியங்களின் தலையில் ஒட்டினார். அந்தக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவையே யுகுலேலி மோகம் பிடித்தது. 1916இல் மார்ட்டின் கம்பெனியும் செய்ய ஆரம்பித்தது. தொழிற்சாலை வாத்தியங்களில் பல, மரப்பட்டைக்குப் பதில் செல்லுலாய்டு பட்டை போட்டுக்கொண்டன.

நூறு வருடத்தில் மெருகு கறுத்து வெடித்துவிடும். உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. ஆபத்தே அங்கேதான். மேல்பலகையின் கனமே சுமார் இரண்டு மில்லிமீட்டர். தேய்க்கத் தேய்க்கப் பலகையும் பட்டையும் சேர்ந்தே கரையும். பெயின்ட் உரிக்கும் திரவம் பட்டாலோ செல்லுலாய்டு இளகிவிடும்.

நல்ல வழி ஒன்று உண்டு. மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால், பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் அரக்கு மெருகு. அரக்குப் பூச்சி தரும் அதே அரக்குதான். ஸ்பிரிட்டில் கரைத்த புது அரக்கைப் பூசினால் பழையதோடு கலந்துவிடும்; பழையதை உரிக்கவே வேண்டாம்.

இத்தனை கவனம் எதற்கு? முத்திரை உதிர்ந்துபோன வாத்தியத்தில், செய்தவர் யார் என்று சொல்ல மிஞ்சியிருப்பது பட்டையின் வேலைப்பாடும் மெருகும் மரத்தின் வெட்டும்தான். பளபளப்பை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். தேய்த்து அழித்த அடையாளத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.