படம் வராத கணினி – ஒரு சின்ன வரலாறு

நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்து போவதைக் கவனிக்க அதைத் திருப்பி வைத்தார்கள். கோள் மறைக்க வேண்டிய நேரம் வராதபோதே நட்சத்திர ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் பறந்தபடி கவனித்த அமெரிக்கக் குழுவுக்கு இதுபோன்ற மங்கல்கள் பல கிடைத்தன. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். யாரும் வளையத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒளி எப்போது குறைந்தது, எவ்வளவு நேரம் குறைந்தது என்ற கணக்கு மட்டுமே கையில் இருந்தது. வாயேஜர் 2 அருகில் போய் வளையங்களைப் படமெடுத்து அனுப்பியது 1986 ஜனவரியில். காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி தொடங்கி வைத்ததும் அதே மாதம் 6-ஆம் தேதிதான்.

இதை இங்கே சொல்லக் காரணம், மேசைக் கணினியில் படம் வராமல் போனால் பழுது பார்ப்பவர் செய்யும் வேலையும் இதே வகைதான். படம் இல்லை, மற்ற அடையாளங்களை வைத்துக் கணக்குப் போட வேண்டும். மின்சாரம் அடிக்கடி போய் வருகிற மலை ஊர்களில் இது பழகிப்போன தொல்லை. பொத்தானை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. பிரெஞ்சில் பழுதுக்கு 'பான்' என்று ஒரு சொல் உண்டு. முன்பு அது கப்பல்காரர்களின் சொல். காற்று வீசிக்கொண்டே இருக்கும், பாய்களைத் திருப்பி வைத்துக் கப்பலை நின்ற இடத்தில் நிறுத்துவார்கள். அதற்குப் பெயர் 'மெத்ர் ஆன் பான்'. ஃபேன் சுற்றியும் படம் வராத பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். ஐபிஎம் நிறுவனம் தன் பி.சி.யை 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்டது. (அதே ஐபிஎம் 1978-இல் இந்தியாவை விட்டுப் போயிருந்தது. நம் மேசைகளுக்கு வந்தவை பெரும்பாலும் அதைப் பார்த்து மற்றவர்கள் செய்த பெட்டிகள்.) மின்சாரம் வந்தவுடன் அந்தக் கணினி தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும். முதலில் பிராசசர், அடுத்து நிரந்தர நினைவகத்தில் எழுதி வைத்த நிரல், பிறகு கடிகாரச் சில்லுகள், அதற்குப் பிறகு ரேமின் முதல் பகுதி. இவை எல்லாம் தேறிய பிறகுதான் வீடியோ கார்டின் முறை வரும். திரையில் ஓர் எழுத்துத் தெரிவதற்கு முன்பே இத்தனை படிகள் இருக்கின்றன. முதல் படியில் இடறினாலும் நான்காவதில் இடறினாலும், நமக்குத் தெரிவது ஒரே கறுப்புத் திரைதான்.

செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால் பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்தார்கள். ஒரு குட்டிப் பீப் என்றால் எல்லாம் நலம். ஒரு நீளம், இரண்டு குட்டி என்றால் வீடியோவில் கோளாறு. ஒரு நீளம், ஒரு குட்டி என்றால் மதர்போர்டு. சத்தமே இல்லை, அல்லது நிற்காமல் கத்துகிறது என்றால் பவர் சப்ளையைப் பார். தந்தி நிலையத்தின் கட்டுக் கடகட போல இதுவும் ஒரு மொழி. சங்கடம் என்னவென்றால், பிறகு வந்த நிறுவனங்கள் ஆளுக்கொரு அகராதி எழுதின. அவார்டு என்ற பயாஸில் ரேம் சரியில்லை என்றால் நீளப் பீப் திரும்பத் திரும்ப வரும். அமி என்ற பயாஸில் எட்டுப் பீப் வந்தால் வீடியோ நினைவகம். எந்தப் பயாஸ் என்று தெரியாமல் பீப்பை எண்ணிப் பயனில்லை.

அந்த முதல் பி.சி.யில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கறுப்பு வெள்ளைத் திரையா, வண்ணத் திரையா என்பதை மதர்போர்டில் உள்ள பொடிப்பொடி சுவிட்சுகளைத் தள்ளிச் சொல்ல வேண்டும். தவறாகத் தள்ளியிருந்தால் எந்தப் பாகமும் கெடாமலே படம் வராமல் போகலாம்.

1984-இல் வந்த ஏ.டி. மாடல் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஓர் எண்ணை '80' என்ற முகவரிக்கு அனுப்பியது. அந்த எண்ணைப் பிடித்து இரண்டு இலக்கமாகக் காட்டும் அட்டை ஒன்று பிறகு சந்தைக்கு வந்தது. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கொடுப்பார்கள். மதர்போர்டில் செருகிவிட்டு ஆன் செய்தால் எண்கள் ஓடும். எந்த எண்ணில் நிற்கிறதோ அந்தப் படியில் பழுது. காவலூர் மங்கல் கணக்கின் அசல் தம்பி!

பழுதின் வரலாற்றில் 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகள் தனி அத்தியாயம். அக்காலத்து மதர்போர்டுகளில் இருந்த கப்பாசிட்டர்கள் பலவற்றில், நீர் கலந்த மின்பகு திரவம் சரியான சேர்மானம் இல்லாமல் ஊற்றப்பட்டிருந்தது. உள்ளே வாயு உண்டாகி, தலைப்பகுதி பூரி போல உப்பி, கடைசியில் பழுப்பாகக் கசியும். தைவானில் செய்த பாகங்கள் உலகம் முழுக்கப் போனதால் நோயும் கூடவே போனது. டெல் நிறுவனம் 2005-இல் இப்படிப்பட்ட கணினிகளைச் சரிசெய்ய சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. இன்றும் பழைய பெட்டியைத் திறந்தவுடன் மெக்கானிக் முதலில் கப்பாசிட்டர் தலைகளைப் பார்ப்பது அந்த நாளின் பழக்கம்.

திரைக்கும் தனிக் கதை உண்டு. பிரௌன் 1897-இல் செய்த கதிர்க்குழாயின் வழி வந்த பழைய மானிட்டரை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். எல்.சி.டி. வந்தபின் ஆபத்துக் குறைந்தது, புதுக் குழப்பம் சேர்ந்தது. படம் உருவாகியிருக்கும், பின்னால் வெளிச்சம் தரும் விளக்கு மட்டும் போயிருக்கும். இருட்டு அறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கலாகப் படம் தெரியும். தெரிந்தால் கணினிமேல் குற்றமில்லை.

மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் காட்டினாலும் திரை நல்ல நிலையில்தான் இருக்கிறது. அப்போது கேப்ஸ் லாக் விசையை அமுக்கிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. கேபிள் அல்லது வீடியோ பக்கம் தேட வேண்டும். தனி வீடியோ கார்டு இருக்கும் பெட்டியில், கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டின் துளையில் செருகுவது நான் அடிக்கடி பார்க்கும் காட்சி. விளக்கு அசையவில்லை என்றால் படிகளில் முன்னால் போக வேண்டும், அதாவது ரேம். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் துணியால் துடைத்துச் செருகுவார்கள். ஊதினால் வாயின் ஈரம் போய் ஒட்டும். ஈரக் காற்று வீசும் மலையில் பற்களில் படலம் பிடிப்பது சகஜம் என்பதால், காசு செலவழிப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நியாயம்.

இப்போது வரும் மதர்போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரே இல்லை. பதிலுக்கு ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள்: பிராசசர், ரேம், வீடியோ, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். காதுக்குச் சொன்னதைத் திரும்பக் கண்ணுக்குச் சொல்கிறார்கள், ஆனால் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால்தான் அந்த விளக்குகள் தெரியும்.