உப்பூர்க்காரன் உப்பு வாங்கின கதை

நமக்கு சொந்த ஊர் தூத்துக்குடி. ஊரைச் சுற்றி உப்பளம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு எங்கள் பக்கம்தான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, புனேயில் உட்கார்ந்து வாளி வாளியாக உப்பைக் காசு கொடுத்து வாங்குகிற ஆள் நான். வீட்டம்மா இதைச் சொல்லிக் காட்டாத மாதம் கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சின்ன கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. ஆறு வருஷமாக ஓடுகிறது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊரில் இது எப்படி சாத்தியம் என்று கேட்கிறவர்களுக்காக இந்தக் கதை. பி.காம் படித்தவன் சொல்கிற விஞ்ஞானம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் உப்பு. சமையல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகிவிடாதா? ஆகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து 85 சதவீதம் போல. மீதியில் மக்னீசியம், சல்ஃபேட், கால்சியம், பொட்டாசியம். உப்பளத்தில் உப்பை வாரி எடுத்தபின் பாத்தியில் கசப்பாக ஒரு தண்ணீர் மிஞ்சும் பாருங்கள், மக்னீசியம் எல்லாம் அதோடு போய்விடும். நமக்குச் சாப்பாட்டுக்கு எது வேண்டாமோ, அதுதான் கடல் பிராணிகளுக்கு வேண்டும்! இங்கிலாந்தில் ஃபிலிப் ஹென்றி காஸ் என்பவர் 1854-லேயே இதைக் கணக்குப் போட்டு, நாலு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். இன்று நான் வாங்குகிற வாளி அந்த நாலின் பேரப்பிள்ளை.

காஸுக்கு முன்னாலேயே ஒரு அம்மா இருந்தார். ஆனா தின். கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பொறுப்பில் இருந்த பாதிரியார். 1846-ல் டார்க்கி கடற்கரைக்குப் போனவர், அங்கே கிடைத்த கல்பவளங்களை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. தண்ணீரில் காற்று கலக்க என்ன செய்தார்? வேலைக்காரப் பெண்ணை ஜன்னல் ஓரம் நிறுத்தி, அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வைத்தார். அரை மணி, முக்கால் மணி நேரம். நம்மூர் டீக்கடை மாஸ்டர் செய்கிற அதே வேலை! அடுத்த வருஷம் கடற்பாசிகளையும் கூட வைத்தார். பவளங்கள் வருஷக்கணக்கில் பிழைத்தன. வரலாற்றில் அந்த அம்மா பெயர் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிய பெண்ணின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த பெரிய பாய்ச்சல் நம்ம ஆசியாவிலிருந்து வந்தது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிருள்ள கற்களை எடுத்துத் தொட்டியில் அடுக்கி, கொஞ்சம் காற்றுக்குமிழி மட்டும் விட்டு, பவளங்களை வாழவைத்தார். 1961-ல் அமெரிக்கப் பத்திரிகையில் அதை எழுதினார். சூட்சுமம் கல்லில் குடியிருக்கும் பாக்டீரியாவில் இருக்கிறது. மீன் கழிவு அமோனியா ஆகும், அது விஷம். ஒரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும். பேங்க்கில் ஃபைல் மேசை மேசையாக நகர்கிற மாதிரி. நடுவில் ஒரு மேசை காலி என்றாலும் வேலை நாறிவிடும். புதுத் தொட்டியில் இந்த மேசைகள் நிரம்பவே நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது.

இன்னொரு ரகசியம்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. புனே ஏப்ரல் வெயிலில் தொட்டி தினம் கொஞ்சம் குறையும். அதை உப்புத் தண்ணீரால் அல்ல, சுத்திகரித்த நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புது உப்புநீர். தினப்படி கணக்கு முடிக்கிற மாதிரிதான், ஒருநாள் விட்டால் மறுநாள் இரட்டை வேலை.

சரி, நம்ம ஊர் கதைக்கு வருவோம். இந்தியாவில் மக்கள் பார்க்க முதலில் கடல்மீன் காட்சியகம் வந்தது சென்னை மெரினாவில், 1909-ல். யோசனை எட்கர் தர்ஸ்டனுடையது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்திய சாதிகள் பற்றி ஏழு தொகுதி எழுதினாரே, அவரேதான். அந்தத் தொகுதிகள் வந்ததும் அதே 1909. அதற்கெல்லாம் முன்பே மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றி 1890-ல் எழுதியவர். அருங்காட்சியகத்தின் கீழ் இருந்த காட்சியகம் 1919-ல் மீன்வளத்துறைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது மூடிவிட்டார்கள். பம்பாய்க்கு தாராபூர்வாலா காட்சியகம் வந்தது 1951-ல்தான்.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது.

என் மகள் புனேயில் வளர்கிறவள். வெளிநாட்டுக்காரர்களின் தொட்டிகளை வீடியோவில் பார்த்துவிட்டு, "நம்ம தொட்டியில ஏம்பா பவளம் இல்ல?" என்று கேட்டாள். சட்டம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். கல்பவளங்கள் அனைத்தையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலி இருக்கிற அதே அட்டவணை. கடல்குதிரையும் அந்த வருஷமே உள்ளே வந்தது. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

ஆனால் அவளுக்கு நான் சொன்னது எங்கள் ஊர்க் கதை. முருகைக்கல் என்று நாங்கள் சொல்வது பவளப்பாறையைத்தான். அதை வெட்டி எடுத்து வீடு கட்டினோம், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம், தொழிற்சாலைக்கும் அனுப்பினோம். தோணி தோணியாக வந்து இறங்கியது. 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் நின்றபாடில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் நின்றது. அதற்குள் அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. 2015-லிருந்து அதைச் சுற்றி செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். கடல் சூடேறி 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தது தனிக்கதை.

ஆக, நம் தாத்தா காலத்தில் வீட்டுச் சுவருக்குள் போன பவளத்தை இப்போது கண்ணாடிக்குள் வைக்க ஆசைப்படுவது நியாயமா? இல்லை என்பது என் கட்சி. எங்கள் தொட்டியில் இருப்பது பீங்கானில் செய்த கற்கள், ஒரு ஜோடி கோமாளி மீன். அதுவும் கடலில் பிடித்ததல்ல, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வழிகண்டவர்கள். ஜோடியில் பெரியதுதான் பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும். இதைச் சொன்னதிலிருந்து மகளுக்குப் பவளம் மறந்துவிட்டது.

உங்கள் பிள்ளைகளும் தொட்டி கேட்டால், வாங்கும்போது கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: பிடித்த மீனா, பொரித்த மீனா? பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். லீவுக்கு ஊர்ப்பக்கம் போகும்போது கல்யாண வீடு, கோயிலோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒருநாள் மண்டபம் வரை கூட்டிப் போங்கள். நம் கடல் அங்கேதான் இருக்கிறது. ஹாலில் இருப்பது அதற்கு ஒரு ஞாபகக் குறிப்பு, அவ்வளவுதான்.