காஜியின் முத்திரையும் நீதிமன்றத்தின் ஆணையும்

 

கல்மண்டபம் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் வாழும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகளுக்கு மணமுறிவு ஏற்பட்டு ஆண்டுகள் சில ஓடிவிட்டன. காஜியின் முத்திரையிட்ட தாள் ஒன்று பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் முன்னாள் கணவரின் பெயரை நீக்க வேண்டிய தேவை வருகிறது. அதிகாரி அத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீதிமன்ற ஆணை இருந்தால் கொண்டு வாருங்கள் என்று திருப்பித் தருகிறார். தந்தை திகைத்து நிற்கிறார். "அரசாங்கம் நியமித்த காஜிதானே இதை எழுதிக் கொடுத்தார்?" என்பது அவருடைய கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கான விடை நேற்று இன்று தீர்ப்புகளில் பிறந்ததன்று. 1880-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. அதுவும் முதன்முதலில் நமது சென்னை மாகாணத்திற்கென்றே எழுதப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். முஸ்லிம் மன்னர்களின் ஆட்சியில் காஜி என்பவர் நீதிபதி. வழக்கைக் கேட்பார், சாட்சியை விசாரிப்பார், தீர்ப்பளிப்பார். அத்தீர்ப்பை நிறைவேற்ற அரசின் கை அவருக்குப் பின்னால் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைக் கைப்பற்றியபோது, 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதித் திட்டம், திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்குத் திருக்குர்ஆனின் சட்டமே பொருந்தும் என்றது. சட்டம் நம்முடையதாக இருந்தது; தீர்ப்பு நாற்காலியோ கம்பெனியுடையதாயிற்று. ஆங்கிலேய நீதிபதிக்கு மார்க்கச் சட்டத்தை எடுத்துரைக்க மௌலவிகள் 'சட்ட அதிகாரிகளாக' அமர்த்தப்பட்டனர். காலப்போக்கில் மொழிபெயர்ப்பு நூல்களும் முன்தீர்ப்புகளும் பெருகின. இனி மௌலவியின் துணை தேவையில்லை என்று ஆட்சியாளர் கருதினர். 1862-இல் சென்னையில் உயர்நீதிமன்றம் தோன்றியது. 1864-ஆம் ஆண்டின் 11-ஆவது சட்டம் அந்தச் சட்ட அதிகாரிகளின் பதவிகளையும் காஜிகளை அரசு நியமிப்பது பற்றிய விதிகளையும் ஒருசேரத் துடைத்தெறிந்தது.

இதனால் எழுந்த இடர் எதிர்பாராதது. நாட்டின் சில பகுதிகளில், அரசு நியமித்த காஜி அமர்ந்திருந்தால்தான் நிக்காஹ் முறைப்படி நடந்தது என்று மக்கள் கருதி வந்தனர். அரசோ நியமனத்தைக் கைவிட்டுவிட்டது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகவே 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் வந்தது. வைஸ்ராயின் சட்டமன்றத்தில் இம்மசோதாவைக் கொண்டு வந்தவர் அலிகர் கல்லூரியின் நிறுவனர் சர் சையிது அகமது கான். சட்டத்தின் முதல் பிரிவு, இது தொடக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநரின் ஆட்சிப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது. பிற மாகாணங்கள் விரும்பினால் அறிவிக்கை வாயிலாக ஏற்றுக்கொள்ளலாம். சென்னையின் தேவைக்கு வெட்டித் தைக்கப்பட்ட சட்டை அது.

மிகச் சிறிய சட்டம், நான்கே பிரிவுகள். ஒரு வட்டாரத்தில் கணிசமான முஸ்லிம்கள் காஜி வேண்டுமென விரும்பினால், அங்குள்ள முக்கியப் பிரமுகர்களைக் கலந்தாலோசித்து அரசு ஒருவரை நியமிக்கலாம். அவர் நாயிப் காஜிகளை வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் கொடுப்பது. நான்காம் பிரிவோ கொடாததைச் சொல்கிறது. வாசகர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். இச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டதால் எந்தக் காஜிக்கும் நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடைத்துவிடாது. திருமணத்தில் காஜி இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேறு எவரும் காஜியின் பணிகளைச் செய்வதற்குத் தடையும் இல்லை.

இந்த மூன்றாவது வரிதான் இன்றளவும் நம் மஹல்லாக்களை நடத்திக்கொண்டிருக்கிறது. இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ நிக்காஹ் நடக்கும்போது பள்ளிவாசல் இமாம் குத்பா ஓதுகிறார். ஜமாஅத்தின் பதிவேட்டில் மஹர் எழுதப்படுகிறது, சாட்சிகள் கையொப்பமிடுகின்றனர். அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் நிக்காஹ் எழுதிய அதே கை தலாக்கையும் எழுதலாம், குல்உவையும் எழுதலாம் என்று நாமாக ஒரு படி தாவிவிட்டோம். திருமணம் என்பது இருவர் மனமொப்பிச் செய்யும் ஒப்பந்தம், சாட்சிகள் போதும். பிரிவு என்பதோ பெரும்பாலும் வழக்கு. ஒருவர் கேட்கிறார், மற்றவர் மறுக்கிறார். மஹர், ஜீவனாம்சம், பிள்ளைகள் என்று பிணக்கு விரிகிறது. அங்கே தேவைப்படுவது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு நாற்காலி 1864-லேயே போய்விட்டது. 1880-இல் அது திரும்பி வரவில்லை.

இப்படிச் சொல்வதால் நம் முன்னோரான ஆலிம்கள் இதை உணரவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களே முதலில் உணர்ந்தனர். காணாமற்போன கணவன், சோறு போடாத கணவன், அடித்துத் துன்புறுத்தும் கணவன் ஆகியோரிடமிருந்து விடுபட ஹனஃபி மத்ஹபின் வழக்கிலிருந்த விதிகளில் பெண்ணுக்கு வாயில் மிகக் குறுகலாக இருந்தது. முஸ்லிம் காஜியின் நீதிமன்றமும் இல்லாத நிலையில், வட இந்தியாவில் சில பெண்கள் மார்க்கத்தைத் துறப்பதே விடுதலைக்கு வழி என்று கருதத் தலைப்பட்டனர். இக்கொடுமையைக் கண்டு கலங்கிய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி அவர்கள், மாலிக்கி மத்ஹபின் அறிஞர்களிடம் கருத்துப் பெற்று, அம்மத்ஹபின் விதிகளைக் கையாண்டு பெண்கள் மணவிலக்குப் பெறலாம் என்று 1930-களில் நூல் எழுதினார்கள். ஒரு மத்ஹபின் மாபெரும் அறிஞர், துன்புறும் பெண்ணுக்காக மற்றொரு மத்ஹபின் கதவைத் தட்டினார் என்பதை நாம் மறக்கலாகாது. அம்முயற்சியின் கனியே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டம். கணவன் நான்காண்டுகள் எங்கிருக்கிறான் என்றே தெரியாமற்போனாலும், ஈராண்டுகள் ஜீவனாம்சம் தராவிட்டாலும், ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றாலும், கொடுமை செய்தாலும், மனைவி நீதிமன்றத்தை அணுகி விடுதலை பெறலாம். தீர்ப்பளிப்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று ஆலிம்கள் கேட்டனர். அது மட்டும் சட்டத்தில் இடம்பெறவில்லை. அக்குறையுடனேயே சமுதாயம் அதை ஏற்றது.

இடையே வாரிசுரிமை பற்றியும் ஒரு சொல். 1937-இன் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து அவ்விலக்கை நீக்கியது. ஆகவே தமிழகத்து முஸ்லிம் பெண்ணுக்கு வயலிலும் தோப்பிலும் மார்க்கம் விதித்த பங்கு சட்டப்படி உண்டு. (கொடுக்கிறோமா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளட்டும்.)

இனி நம் காலத்திற்கு வருவோம். உச்சநீதிமன்றம் 2002-இல் ஷமீம் ஆரா வழக்கில், தலாக்கிற்குத் தக்க காரணம் வேண்டும், அதற்கு முன் இருதரப்பு நடுவர்களின் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும் என்றது. இது நமக்குப் புதிதா? கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என இரு நடுவர்களை ஏற்படுத்துமாறு சூரத்துந் நிஸாவின் 35-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிட்டு எத்தனை நூற்றாண்டுகள் ஆயின! நாம் கைவிட்ட வசனத்தை நீதிமன்றம் எடுத்து நமக்கு வாசித்துக் காட்டியது. வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆயினும் பழக்கம் மாறவில்லை. தபாலிலும் தொலைபேசியிலும் சொன்ன முத்தலாக்கிற்குச் சான்றிதழ்கள் தொடர்ந்து எழுதப்பட்டன. மனைவியைக் கூப்பிட்டு விசாரிக்காமலேயே எழுதப்பட்டவையும் அவற்றுள் இருந்தன. முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான பதர் சயீத் இதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான அமர்வு 2017 ஜனவரியில் பிறப்பித்த ஆணை, 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே நான்காம் பிரிவைச் சுட்டிக்காட்டியது. தலைமைக் காஜி தரும் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே. நீதிமன்றங்களும் சட்ட நடவடிக்கைகளும் அதை மணவிலக்கின் சான்றாகக் கொள்ள இயலாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 22-இல் ஷாயரா பானு வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை மூவருக்கு இருவர் என்ற கணக்கில் செல்லாததாக்கியது. அம்மூவருள் நீதிபதி குரியன் ஜோசஃப், அது திருக்குர்ஆனின் வழிமுறைக்கே மாறானது என்ற காரணத்தால் தள்ளினார். 2019-இன் சட்டம் அதைக் குற்றமாக்கி மூன்றாண்டு வரை சிறை என்றது. கணவனைச் சிறையில் அடைத்துவிட்டு ஜீவனாம்சத்தை யாரிடம் கேட்பது என்ற வினாவுக்கு அச்சட்டத்தை இயற்றியவர்கள் இன்னும் நிறைவான விடை தரவில்லை என்பது என் கருத்து.

தலாக்கைப் பற்றிய கூச்சலில் குல்உ மறக்கப்பட்டது. தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை காணவில்லை, ஆயினும் அவருடன் வாழ இயலவில்லை என்று முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தர இசைந்தார். நபியவர்கள் தாபித்தை அழைத்துத் தோட்டத்தை ஏற்றுக்கொண்டு தலாக் சொல்லும்படி பணித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. அந்தப் பெண்மணி யாரிடம் சென்றார் என்பதைக் கவனியுங்கள்: ஆட்சியும் தீர்ப்பும் கையிலிருந்த நபியவர்களிடம். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம், தனியார் ஷரீஅத் கவுன்சில் ஒன்று 2017-இல் ஒரு பெண்ணுக்கு வழங்கிய குல்உ சான்றிதழை ரத்து செய்தது. குல்உ கோரும் உரிமை பெண்ணுக்கு உண்டு; அதை அவர் குடும்பநல நீதிமன்றத்தின் வழியாகவே நிலைநாட்ட வேண்டும் என்றது. 2024 அக்டோபரில் மதுரைக் கிளை, கணவன் சொன்னதாகக் கூறும் தலாக்கை மனைவி மறுத்தால், அது செல்லுமா என்பதை நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும், தனியார் கவுன்சில் அன்று என்று தீர்த்தது.

அப்படியாயின் இலங்கையில் மட்டும் காதிக்கு அதிகாரம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அங்கே 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதி நீதிமன்றங்களையே நிறுவியது. அதிகாரம் இருந்தும் பெண்களின் குறைகள் தீர்ந்தபாடில்லை. 2009-இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து 2018-இல் அறிக்கை அளித்தபோதும் உறுப்பினர்கள் ஒருமித்த கருத்துக்கு வர இயலவில்லை. நாற்காலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமர்பவரின் தக்வாவைப் பொறுத்தது என்பதை அக்கரைச் சகோதரர்களின் பட்டறிவு காட்டுகிறது.

ஜமாஅத்துகளுக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. பிணக்கு வந்த அன்றே இரு நடுவர்களை அமர்த்துவது அவர்கள் வேலை. மனைவியின் பேச்சையும் கேட்காமல் எதையும் எழுதாதிருப்பது அவர்கள் வேலை. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி நிக்காஹ் முடிந்த 90 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திலும் பதியுமாறு மணமக்களுக்கு நினைவூட்டுவதும் அவர்கள் வேலை. பதிவேட்டின் அந்த ஒரு நகல், பின்னாளில் ஜீவனாம்ச வழக்கில் பெண்ணின் கையில் இருக்கும் முதல் ஆதாரம். மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் ஏனைய பெண்களைப் போலவே ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியிருக்கிறது.

கல்மண்டபத்துத் தந்தையிடம் திரும்புவோம். அவர் கையிலுள்ள தாள் பொய்த் தாள் அன்று, ஒரு கருத்து. அதைச் சமரசம் நடந்ததற்கான பதிவாக வைத்துக்கொண்டு, நிக்காஹ் பதிவேட்டின் நகல், மஹர் விவரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றுடன் குடும்பநல நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். பேருந்தில் பாரிமுனைக்குச் சிறு பயணந்தான். சென்னைக் குடும்பநல நீதிமன்றம் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானம் எவ்வளவாயினும் பெண் என்ற ஒரே தகுதிக்காக அவருடைய மகளுக்கு இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மனுவில் கையொப்பமிட வேண்டியவர் மகள். தந்தை உடன் சென்றால் போதும்.